அந்த 94 சதவீதம் எங்கிருந்து வந்தது?

தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களால் நிலத்தை ஆராய்வது), ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தகவல் முறை) துறைகளின் முதுகலை ஆய்வேடுகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமே ஆகியிருக்கும். முடிவுகள் அத்தியாயத்தில், எங்கே காடு, எங்கே நீர், எங்கே கட்டடம் என்று காட்டும் வண்ண வண்ணமான நிலப்போர்வை வரைபடத்துக்குக் கீழே அது வரும்: "ஒட்டுமொத்தத் துல்லியம் 94 சதவீதம், கப்பா 0.92." (கப்பா என்பது, தற்செயலாகப் பொருந்தியதைக் கழித்துவிட்டுச் சொல்லும் உடன்பாட்டு அளவு.) அடுத்த பத்தியிலேயே காடு இத்தனை ஹெக்டேர் குறைந்தது, கட்டடப் பரப்பு இத்தனை ஹெக்டேர் கூடியது என்று தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு எண்கள் தொடங்கிவிடும். அந்த எண் முன்பின் எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற பேச்சே இருக்காது. வரைபடம் பரீட்சையில் தேறிவிட்டது, இனி பிக்சல்களை எண்ணினால் போதும் என்பதுதான் அங்கே சொல்லாமல் சொல்லப்படுவது. இந்தத் தாவல் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதை மாணவர்களின் அக்கறையின்மை என்று சொல்ல மனம் வரவில்லை. பாடம் நடக்கும் வரிசையே பெரும்பாலும் அப்படி அமைந்துவிடுகிறது. மின்காந்த நிறமாலை, சென்சார்கள், திருத்தங்கள், ஒவ்வொரு பிக்சலும் எந்த நிலவகை என்று கணினி பிரிக்கும் வகைப்பாட்டு முறைகள் என்று மாதக்கணக்கில் போன பிறகு, கடைசி வாரத்தில் ஒரு செய்முறை வகுப்பாகத் துல்லிய மதிப்பீடு வரும். கொடுத்த நிரலை ஓட்டினால், வரைபடம் சொன்னதையும் உண்மையையும் வகைவாரியாக ஒப்பிடும் ஓர் அட்டவணை கிடைக்கும். அதன் மூலைவிட்டத்தைக் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் முடிந்தது. படம் வரைவது முதன்மை வேலை, பிழையை அளப்பது அதற்கு வைக்கும் முத்திரை என்ற எண்ணம் அங்கேயே பதிந்துவிடுகிறது. என் பார்வையில் இது தலைகீழ். வகைப்பாட்டை இன்று ஒரு மதிய நேரத்தில் ஓட்டிவிடலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் தரவு 2008-இல் இலவசமானது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 2015 முதல் படம் எடுத்துத் தருகிறது. கணிப்பதற்கு மேகக் கணினி இருக்கிறது. ஓர் ஆய்வேட்டில் மாணவர் தன் மூளையைச் செலவழித்துச் செய்தாக வேண்டியதாக எஞ்சியிருப்பது, வரைபடம் எங்கே எவ்வளவு தவறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள்

முதலில் அந்த 94 எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். வழக்கமான செய்முறை இது. ஐந்து வகைகள்; ஒவ்வொன்றுக்கும், வகை தெரிந்த இடங்களைச் சுற்றிப் படத்தில் வரைந்த 30 பாலிகன்கள்; ஒரு பாலிகன் சுமார் ஒரு ஹெக்டேர். சென்டினல்-2 இன் 10 மீட்டர் பிக்சலில் ஒரு ஹெக்டேருக்கு 100 பிக்சல். ஆக வகைக்கு 3,000, மொத்தம் 15,000 பிக்சல்கள். கூகுள் எர்த் எஞ்சின் என்ற மேகக் கணினித் தளத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0-வுக்கும் 1-க்கும் இடையே ஒரு தற்செயல் எண் கொடுத்து, 0.7-க்குக் கீழே உள்ளவை பயிற்சிக்கு, மேலே உள்ளவை சோதனைக்கு என்று பிரித்து, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வகைப்பாட்டு முறையை ஓட்டுவார்கள். சோதனையில் 4,500 பிக்சல்! எண்ணிக்கையைப் பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த 4,500-இல் ஒவ்வொன்றும் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அதே பாலிகனுக்குள், பயிற்சிப் பிக்சல்களின் மடியில். சென்டினல்-2 இன் குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளான 11-உம் 12-உம் 20 மீட்டர் பிரிதிறன் கொண்டவை. அவற்றை அருகமை முறையில் (மிக அருகிலுள்ள மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்வது) 10 மீட்டருக்கு மாற்றும்போது ஒரு 20 மீட்டர் கட்டம் நான்கு பிக்சல்களாக உடைகிறது. நான்குக்கும் அச்சு அசலாக ஒரே மதிப்பு. ஒரு சோதனைப் பிக்சலின் மற்ற மூன்று உடன்பிறப்புகளில் ஒன்றாவது பயிற்சிக்குள் போயிருக்கும் வாய்ப்பு 1 − 0.3³, அதாவது 97 சதவீதம். விடைத்தாளை முன்கூட்டியே பார்த்தவரிடம் அதே கேள்வியைக் கேட்பது போல்தான் இது. போதாக்குறைக்கு, பாலிகன் வரைகிறவர் இயல்பாகவே சந்தேகமில்லாத இடத்தில்தான் வரைவார்: ஏரியின் நடுவே, அடர்ந்த காட்டின் உள்ளே. கரையோரச் சேறு, காட்டு விளிம்பின் புதர், அறுவடை முடிந்த வயலும் வெற்றுநிலமும் கலக்கும் இடம் எதுவும் சோதனைக்கே வராது. வரைபடம் தவறுவதோ அங்கேதான்.

முதல் திருத்தம் எளிது. ஒவ்வொரு பாலிகனுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, தற்செயல் பிரிப்பை அந்த எண்ணின் மேல் செய்யுங்கள். பிக்சலாக உடைப்பது அதற்குப் பிறகு. துல்லியம் விழும். எவ்வளவு விழும் என்பது நிலத்தைப் பொறுத்தது. ஆனால் விழுந்த எண்தான் பழைய எண்ணைவிட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும். இன்னும் ஒரு படி போய், நிலப்பரப்பைச் சதுரத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதி தொகுதியாக வெளியே வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. தொகுதியின் பக்க அளவு, பட மதிப்புகளின் இடத்தொடர்பு அற்றுப்போகும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தூரம் கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வேரியோகிராம் வரைந்து அந்தத் தூரத்தைப் படிக்கலாம். இதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. பயிற்சி இல்லாத தொலைதூர இடத்தில் மாடல் எப்படி நடக்கும் என்பதற்குத்தான் இந்தச் சோதனை பதில் சொல்கிறது. முழு வரைபடத்தின் துல்லியத்தை இது தேவைக்கு மேல் குறைத்தும் காட்டலாம். வரைபடத்தின் துல்லியம் வேண்டுமென்றால், வரைபடம் முழுவதிலிருந்தும் நிகழ்தகவு அடிப்படையில் எடுத்த, பயிற்சியோடு தொடர்பே இல்லாத தனி மாதிரி வேண்டும். அதற்கு ஈடான குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

கப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜேக்கப் கோஹன் 1960-இல் உளவியலில் இரு மதிப்பீட்டாளர்களின் உடன்பாட்டை அளக்க முன்வைத்தது அது. 2011-இல் போன்டியஸும் மில்லோன்ஸும் தொலையுணர்வில் அதைக் கைவிடச் சொல்லிக் காரணங்களை அடுக்கினார்கள். தற்செயலாக வண்ணம் பூசிய வரைபடத்தைவிட என் வரைபடம் எவ்வளவு மேல் என்ற கேள்வியை உண்மையில் யாரும் கேட்பதில்லை. ஆய்வுக்குழு கேட்டால் மட்டும் கொடுத்துவிட்டு நகரலாம்.

ஒரு புள்ளி எத்தனை ஹெக்டேர்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர், பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்வதற்கு அப்புறம் துணியமாட்டார் என்பது என் நம்பிக்கை. கணக்கு நாமாக வைத்துக்கொள்வது. முறை, ஓலோஃப்சன், ஃபூடி, ஸ்டெமன் முதலானோர் 2014-இல் நல்வழக்கங்களாகத் தொகுத்துத் தந்தது.

1,00,000 ஹெக்டேர் நிலம். இரண்டு தேதிகளின் படங்களை ஒப்பிட்டு வரைந்த வரைபடம், 2,000 ஹெக்டேரில் காடு அழிந்ததாகக் காட்டுகிறது. மீதி 98,000 ஹெக்டேர் மாற்றமில்லை. அழிவு வகைக்குள் 100 புள்ளிகள், மாற்றமில்லா வகைக்குள் 500 புள்ளிகள் என்று தற்செயலாகப் போட்டு, உயர் பிரிதிறன் படங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அழிவு என்று வரைபடம் சொன்ன 100-இல் 85 உண்மையிலேயே அழிவு, 15 இல்லை. மாற்றமில்லை என்று சொன்ன 500-இல் 490 சரி. 10 இடங்களில் காடு உண்மையில் அழிந்திருக்கிறது.

இப்போது எல்லாரும் செய்வதைச் செய்வோம். 85 + 490 = 575; 600-ஆல் வகுத்தால் 95.8 சதவீதம். அழிவு வகையின் பயனர் துல்லியம், அதாவது வரைபடம் அழிவு என்றதில் எவ்வளவு உண்மை என்பது, 85 சதவீதம். தயாரிப்பாளர் துல்லியம், அதாவது உண்மையில் அழிந்ததில் எவ்வளவை வரைபடம் பிடித்தது என்பது, 85 / 95 = 89.5 சதவீதம். அருமையான முடிவு. ஆய்வேட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் புள்ளிகள் எல்லாம் சம எடை உள்ளவை அல்ல. அழிவு வகையில் 2,000 ஹெக்டேருக்கு 100 புள்ளி; ஆக ஒரு புள்ளி 20 ஹெக்டேருக்குப் பேசுகிறது. மாற்றமில்லா வகையில் 98,000 ஹெக்டேருக்கு 500 புள்ளி. அங்கே ஒரு புள்ளி 196 ஹெக்டேருக்குப் பேசுகிறது. சரியாகப் பிடித்த 85 புள்ளிகள் 1,700 ஹெக்டேர். தவறவிட்ட 10 புள்ளிகள் 1,960 ஹெக்டேர். எண்பத்தைந்தைவிடப் பத்து பெரிது! உண்மையான அழிவின் மதிப்பீடு 1,700 + 1,960 = 3,660 ஹெக்டேர்; வரைபடம் சொன்னதோ 2,000. தயாரிப்பாளர் துல்லியம் 1,700 / 3,660, அதாவது 46 சதவீதம். அழிவில் பாதிக்கு மேல் இந்த வரைபடத்தின் கண்ணில் படவே இல்லை. அதே நேரம், பரப்பு எடையோடு கணக்கிட்ட ஒட்டுமொத்தத் துல்லியம் 97.7 சதவீதம், முன்பு கிடைத்த 95.8-ஐவிடக் கூட உயர்வு. ஒரு வரைபடம் 97.7 சதவீதம் சரியாக இருந்துகொண்டே, எந்தக் கேள்விக்காக வரையப்பட்டதோ அந்தக் கேள்வியில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி தவறலாம். மாற்றம் என்பது எப்போதும் நிலத்தின் சிறு பங்கு என்பதால், இது அரிதாக நேரும் விபத்து அல்ல. மாற்ற ஆய்வு என்றாலே இது காத்திருக்கிறது.

நம்பிக்கை இடைவெளியையும், அதாவது உண்மை விடை இருக்கக்கூடிய எல்லைகளையும், போட்டுவிடுவோம். புள்ளி போட எடுத்த ஒவ்வொரு வகையும் ஓர் அடுக்கு; அதன் புள்ளிகளில் உண்மையில் அழிவானவற்றின் பங்கு p. ஒவ்வோர் அடுக்கிலும் மொத்த நிலத்தில் அதன் பங்கின் வர்க்கத்தை p(1−p)-ஆல் பெருக்கி, புள்ளி எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை 0.0062; அதை 1.96-ஆல் பெருக்கினால் ±1,210 ஹெக்டேர். ஆக விடை 3,660 ± 1,210. கீழ் எல்லையே 2,450. பிக்சல் எண்ணிச் சொன்ன 2,000 இந்த இடைவெளிக்குள்ளேயே வரவில்லை. எண்ணிக்கையில் கிடைத்தது இரண்டு தசம இலக்கத்தோடு இருந்தாலும் அது அளவீடு அல்ல, ஒருபக்கம் சாய்ந்த தராசின் வாசிப்பு.

இடைவெளி இத்தனை அகலமாக இருப்பதற்குக் காரணமும் அந்த 196 ஹெக்டேர் எடைதான். மாற்றமில்லா அடுக்கில் புள்ளிகளை நான்கு மடங்காக்கி 2,000 ஆக்கினால் இடைவெளி ஏறக்குறையப் பாதியாகும். அது பெரும் உழைப்பு. இதைவிட நல்ல வழி, விடுபிழை, அதாவது வரைபடம் தவறவிட்டது, எங்கே பதுங்கும் என்று யோசித்து அதற்கென்றே ஓர் அடுக்கை அமைப்பது. வெட்டப்பட்ட காட்டின் ஓரத்தில்தான் தவறவிட்ட வெட்டும் பெரும்பாலும் இருக்கும். அழிவுப் பகுதிகளைச் சுற்றி இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு ஒரு வளையம் போடுங்கள். அது 5,000 ஹெக்டேர் வந்து, அதில் 150 புள்ளி போட்டால் ஒரு புள்ளியின் எடை 33 ஹெக்டேர். தவறவிட்டவை இந்த வளையத்துக்குள் அகப்பட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும்.

இன்னொரு குழியும் உண்டு. கவனமானவர்களே விழுகிற குழி. முதல் வரைபடத்தை வைத்துப் புள்ளிகள் போட்டு, முடிவு பிடிக்காமல் வகைப்பாட்டைச் செம்மை செய்து, இரண்டாம் வரைபடத்தின் வகைப் பரப்புகளை எடையாக வைத்து அதே புள்ளிகளால் மறுகணக்குப் போடுவார்கள். தவறு. ஒரு புள்ளி தேர்வான வாய்ப்பை முடிவுசெய்தது முதல் வரைபடத்தின் அடுக்கு. எடையும் கடைசிவரை அதிலிருந்தே வர வேண்டும். அடுக்கும் வரைபட வகையும் வேறு வேறாகும் நிலைக்கென்று ஸ்டெமன் 2014-இல் தனிச் சூத்திரங்கள் தந்திருக்கிறார். ஒவ்வொரு புள்ளியோடும் அதன் அடுக்கு எண்ணைத் தனிப் பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) சேமித்து வைத்தால் போதும், வழி திறந்திருக்கும். சேமிக்காவிட்டால் 600 புள்ளிகளின் உழைப்பும் வீண்.

புள்ளியைப் பார்க்கும் கண்

மேலே "உயர் பிரிதிறன் படங்களில் பார்த்தோம்" என்று ஒரே மூச்சில் தாண்டிவிட்டேன். அது அத்தனை எளிதல்ல. பார்க்கிறவருக்கு வரைபடம் என்ன சொன்னது என்பது தெரியவே கூடாது. தெரிந்தால் சந்தேகமான இடத்தில் கண் வரைபடத்தின் பக்கம் சாயும். அதனால் எல்லா அடுக்குகளின் புள்ளிகளையும் கலைத்துப் போட்டு, வகைப் பத்தியை நீக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் அகடாமா என்ற செருகுநிரல் அடுக்கு வாரியாகப் புள்ளி போடுவது முதல் எடையிட்ட கணக்கு வரை செய்து தருகிறது. புள்ளியைப் புள்ளியாகப் பார்க்காமல், பிக்சல் அளவுக்கு ஒரு சதுரம் வரைந்து அதற்குள் எது அதிகம் என்று பாருங்கள். மாற்றத்தை ஆராய்ந்தால் இரண்டு தேதிகளுக்கும் அருகில் எடுத்த படங்கள் வேண்டும். பின்னணியில் தெரியும் இணைய வரைபடத்தின் படம் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் லேபிள் கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

களத்துக்கே போனாலும் பிழை நேராது என்று சொல்ல முடியாது. கைபேசியின் இருப்பிடம் திறந்தவெளியிலேயே சுமார் 5 மீட்டர் தவறும், மரக்கூரையின் கீழ் இன்னும் மோசம். 10 மீட்டர் பிக்சலின் ஓரத்தில் நின்றால் நீங்கள் பக்கத்துப் பிக்சலில் இருக்கலாம். இதற்காக விளிம்புப் புள்ளிகளைத் தூக்கிப் போடாதீர்கள். முதன்மை லேபிள் ஒன்று, சந்தேகம் இருந்தால் மாற்று லேபிள் ஒன்று என்று இரண்டு பத்திகள் வையுங்கள். முடிவுசெய்யவே முடியாத புள்ளிக்குப் பதிலாக எளிய புள்ளியைப் போடுவதும் கூடாது. எத்தனை புள்ளிகள் அப்படி நின்றன என்று எழுதிவிடுங்கள். இருவர் தனித்தனியாகப் பார்த்து, முரண்படுகிற இடங்களை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து தீர்ப்பது நல்லது. புள்ளிக்கு 3 நிமிடம் என்றால் 600 புள்ளிக்கு 30 மணி நேரம், இருவருக்கு 60. ஆய்வுத் திட்டத்தின் காலக்கெடுவில் இந்த 60 மணி நேரம் ஆரம்பத்திலேயே இடம்பெற்றிருக்க வேண்டும். சமர்ப்பிக்கும் வாரத்தில் கிடைக்காது.

அட்டவணைக்குள் வராத பிழைகள்

துல்லிய அட்டவணை பிடிக்க முடியாத பிழைகளும் உண்டு. அவற்றில் சில வகைப்பாட்டுக்கு முன்பே எண்களுக்குள் புகுந்துவிடும், சில அதற்குப் பின் புகும். மிகவும் பரவலானது சென்டினல்-2 இன் ஈடுமதிப்பு, அதாவது பட எண்களோடு கூட்டப்படும் ஒரு மாறாத எண். 2022 ஜனவரி 25 முதல், 04.00 என்ற செயலாக்க அடித்தளத்தில் (படத்தைத் தயாரிக்கும் செயல்முறையின் பதிப்பு எண்), எல்லா எண்களோடும் 1,000 கூட்டி வெளியிடுகிறார்கள். முன்பு எண்ணை 10,000-ஆல் வகுத்தால் எதிரொளிப்பு. இப்போது 1,000 கழித்துவிட்டு வகுக்க வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? சிவப்பில் 0.04, அண்மை அகச்சிவப்பில் 0.40 எதிரொளிக்கும் செழிப்பான பயிரின் என்டிவிஐ, அதாவது இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்துப் பெறும் பசுமைக் குறியீடு, 0.82. கழிக்காமல் விட்டால் 1,400-உம் 5,000-உம் வைத்துக் கணக்கிடுவீர்கள், விடை 0.56. செடி அப்படியேதான் இருக்கிறது. வரைபடத்தில் 2022-இல் ஊரெங்கும் வறட்சி. பழைய படங்களையும் மறுசெயலாக்கம் செய்து 05.00 அடித்தளத்தில் வெளியிட்டிருப்பதால் தேதியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஒவ்வொரு படத்தின் மீத்தரவிலும் அடித்தள எண்ணைப் பார்க்க வேண்டும். எர்த் எஞ்சினில் பெயர் ஹார்மனைஸ்டு என்று முடியும் தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பின் தரை எதிரொளிப்புக்கும் இதே போல் 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும்.

அடுத்தது வீழல், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக விரிக்கும் முறை. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் இபிஎஸ்ஜி 3857 என்ற வீழலில் வைத்துப் பரப்பு கணக்கிட்டால், அட்சரேகை 30 பாகையில் 33 சதவீதம் கூடும். 45-இல் இரண்டு மடங்கு. 60-இல் நான்கு மடங்கு. வகைப்பாட்டு வரைபடத்தை வேறு வீழலுக்கு மாற்றும்போது மறுமாதிரியாக்கம் அருகமை முறையில்தான் இருக்க வேண்டும். இருநேரியல் முறையைத் தேர்ந்தால் கணினி வகைக் குறியீடுகளைச் சராசரி எடுக்கும்: நீர் 1, கட்டடம் 3 என்றால் இரண்டும் தொடும் இடத்தில் 2 என்று வரும், 2 காடு என்றால், குளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே இல்லாத காடு ஒன்று மெல்லிய கோடாக முளைத்திருக்கும்.

அந்தப் பத்துப் புள்ளிகள்

மீண்டும் நம் கணக்குக்கு வருவோம். தவறவிட்ட அந்த 10 புள்ளிகளை எண்ணாக மட்டும் வைத்துக்கொண்டு விட்டுவிடுவது பெரிய இழப்பு. ஒவ்வொன்றையும் திறந்து, அதன் முழுக் காலவரிசையையும் பாருங்கள். சில, இரண்டு பிக்சலுக்கும் குறைவான அகலத்தில் காட்டுக்குள் நுழையும் பாதைகளாக இருக்கும். அவற்றுக்கு 10 மீட்டர் படமே போதாது. சில, மேகமில்லாத கடைசிப் படத்துக்குப் பின் வெட்டப்பட்டவையாக இருக்கும். முறையில் குறையில்லை, தேதியை நகர்த்த வேண்டும், அல்லது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்தைச் சேர்க்க வேண்டும். சில, வெட்டிய அதே ஆண்டில் தோட்டப்பயிர் நட்டு மீண்டும் பச்சையானவை. இரண்டு தேதிகளை மட்டும் ஒப்பிடும் எந்த முறைக்கும் இவை அகப்படாது, இடைப்பட்ட மாதங்களும் வேண்டும். இன்னும் சில, முழுக்க வெட்டாமல் நடுநடுவே மரங்களை மட்டும் எடுத்த காடு. அங்கே அழிவு என்ற சொல்லின் வரையறையையே மாணவர் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பத்தில் எந்த வகை எத்தனை என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக 196 ஹெக்டேர் என்று எழுதுங்கள். விவாத அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அந்த அட்டவணை இருக்கட்டும்.